வாத்துக்காரி பின்னால் போன குளம்

கோணம்பாக்கத்துக் குளம் வாத்துக்காரி பூங்காவனத்தின் பின்னால் கிளம்பிப் போனது பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறி, பால்காரர்கள் எல்லாம் வீடு திரும்பி, பள்ளிக்கூட மணி அடித்த பிறகு. ஊரே விழித்திருந்த அந்த நேரத்தில், இரண்டு ஏக்கர் தண்ணீர் தாமரையோடும் தவளையோடும் எழுந்து கம்பிவேலியைத் தாண்டிப் போனதை ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை. குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் அன்றைக்கும் நடந்தார்கள், காதில் போனை வைத்துக்கொண்டு மூன்று சுற்று முடித்தார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்ன சொல்வது அந்த ஜனங்களை!

அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் அந்தக் குளத்துக்கு ஒரு பரிசு கிடைத்திருந்தது, சுற்றுவட்டாரத்திலேயே அழகான குளம் என்று. பரிசு வந்ததுதான் வந்தது, ஊருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது, அழகு கெட்டுப்போகுமே என்று. ஆறடிக்குக் கம்பிவேலி போட்டார்கள், வேலிக்கு வெளியே சுற்றி நடக்கச் சிவப்புக் கல் பதித்தார்கள், சிமெண்டுப் பெஞ்சு போட்டார்கள், இரும்புக் கேட்டு வைத்துப் பூட்டினார்கள். சாவி பஞ்சாயத்துத் தலைவர் தெய்வசிகாமணியின் அரைஞாண் கயிற்றில் போய்த் தொங்கியது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை: குளிக்காதீர், துணி துவைக்காதீர், ஆடுமாடு இறக்காதீர், கல் எறியாதீர், எச்சில் துப்பாதீர், மீறினால். அதோடு பலகையில் இடம் முடிந்துவிட்டது. மீறினால் என்ன ஆகும் என்று ஊரில் யாருக்கும் தெரியாததால் எல்லாரும் கூடுதலாகவே பயந்தார்கள், எருமைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இந்த ஊருக்குத்தான் பூங்காவனமும் அவள் புருஷன் துரைக்கண்ணுவும் அறுநூறு வாத்துகளோடு வந்து சேர்ந்தார்கள். நவரைப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்த வயலில் வாத்தை இறக்கி, சிந்தின நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, பொழுது சாயும்போது வலையைச் சுற்றிக் கட்டி அடைத்து, விடிகாலையில் முட்டை பொறுக்கி, அந்த வயல் தீர்ந்ததும் அடுத்த ஊருக்கு நடப்பதுதான் அவர்கள் பிழைப்பு. துரைக்கண்ணு முன்னால் நடப்பான், பூங்காவனம் பிளாஸ்டிக் பை கட்டின நீளக் கழியோடு பின்னால் நடப்பாள். எந்த ஊரம்மா நீங்க என்று யாராவது கேட்டால் அவள் வாயில் முதலில் வருவது நாளைக்குப் போகப்போகிற ஊரின் பேர்தான், அப்படிப் பழகிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், வேலிக்கடியில் நாய் தோண்டி வைத்திருந்த ஒரு சந்து வாத்துகளின் கண்ணில் பட்டுவிட்டது. ஒன்று நுழைந்தது, அதன் வாலைப் பிடித்த மாதிரி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, பூங்காவனம் கழியை வீசிக்கொண்டு ஓடி வருவதற்குள் அறுநூறும் உள்ளே. வேறு வழியில்லாமல் அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் படுத்து நகர்ந்து உள்ளே போனாள். போனவள் கரையில் நின்றுவிட்டாள். ரெண்டு வருஷமாக ஒரு கை படாத, ஒரு குடம் முக்காத, ஒரு கல்கூட விழாத அந்தத் தண்ணீர், வாத்துகள் மூழ்கி வாலை மேலே தூக்கி ஆட்டின ஆட்டத்தில் கரையெல்லாம் குதித்தது, தாமரையெல்லாம் தலையை ஆட்டியது, மீன் பாட்டுக்குத் துள்ளித் துள்ளி விழுந்தது. பூங்காவனம் முழங்கால்வரை இறங்கி முகம் கழுவினாள், ஒரு கை அள்ளிக் குடித்தாள், "எம்மாம் இனிப்பா இருக்கற நீ" என்று குளத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். யாரும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்த ஒரு சொல் அது.

தெய்வசிகாமணி சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். "ஏம்மா, அறிவிருக்குதா உனுக்கு? எழுத்து தெரியாதா? மீறினான்னு போட்டிருக்குது பாரு."

"மீறினா இன்னான்னு போடலியே அய்யா" என்றாள் பூங்காவனம், நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி.

அவருக்கும் அது தெரியாது. அதனால் குரலை உயர்த்தினார். விடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், திரும்ப இந்தப் பக்கம் தலைகாட்டினால் வாத்தையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்வோம் என்றார். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு, மறுநாள் முட்டைக்கார வண்டி வந்து போனதும் அவர்கள் தெற்கே பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

ரெண்டு மைல் தாண்டியிருப்பார்கள். வாத்துகள் முன்னால் போகமாட்டேன் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தன. நரி கிரி வருகிறதோ என்று பூங்காவனமும் திரும்பினாள். வேர்க்கடலை பிடுங்கின மல்லாட்டைக் கொல்லையில் குளம் வந்துகொண்டிருந்தது.

வெள்ளம் மாதிரி ஓடி வரவில்லை, ஒழுகி வரவில்லை. வயிறு கனத்த பசுமாடு நடக்குமே, அப்படி, அவசரப்படாமல், ஒரு ஓரத்தை முன்னால் வைத்து மறு ஓரத்தைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு, வரப்பு வந்தால் சற்றே மேலே எம்பி, வரப்பு உடையாமல் தாண்டி வந்தது. தாமரையெல்லாம் அப்படியே நின்று வந்தது. ஒரு நட்டுவைத்த குச்சியும், அந்தக் குச்சியின்மேல் ஒரு மீன்கொத்தியும், ஏதோ பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற மாதிரி வந்தன. இதையெல்லாம்விட அவளை வாயடைக்கவைத்தது தண்ணீருக்குள்ளே தெரிந்ததுதான். மேலே வெறும் வானமும் கொல்லையும் இருக்க, உள்ளே கோணம்பாக்கத்துக் கோயில் கோபுரமும், வேப்பமரமும், தண்ணீர்த் தொட்டியும் தலைகீழாக அசைந்துகொண்டிருந்தன. ஊரைக் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு புறப்பட்டு வந்திருந்தது அந்தக் குளம்.

"மாமா" என்று கூப்பிட்டாள். "இந்தா, கொளம் வருது."

துரைக்கண்ணு திரும்பிப் பார்த்தான். எதற்கும் பதறுகிற ஆள் இல்லை அவன். பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "வந்தா வரட்டும் உடு. வாத்துக்கு நல்லதுதான?" என்றான்.

அப்படித்தான் அது அவர்களோடு சேர்ந்துகொண்டது. இவர்கள் வலை கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் பயிரில்லாத நல்ல மேட்டாங்காலாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். இவர்கள் புறப்பட்டால் அதுவும் எழுந்துகொள்ளும். படுத்த இடத்தில் ஒரு பயிர் அழுகாது, ஒரு வைக்கோல் போர் நனையாது. நிலக்காரர்கள் முதல்நாள் சத்தம் போட்டார்கள். ரெண்டாம் நாள் வந்து கால் நனைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்கள்.

நெடுஞ்சாலையைத் தாண்டின கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். போலீஸ்காரர் ஒருத்தர் நடுரோட்டில் கையை விரித்து நின்று ரெண்டு பக்கமும் லாரிகளை நிறுத்தினார். முதலில் வாத்துகள் போயின. குளம் தார் ஓரத்தில் வந்து தயங்கியது, பாவம், சூடு. பூங்காவனம் திரும்பி வந்து ஓரத்துத் தண்ணீரை நாலு கை அள்ளித் தாரின்மேல் தெளித்துக் காட்டினாள், அப்புறம் தாண்டியது. அது தாண்டி முடிக்கிறவரைக்கும் லாரிக்காரர்கள் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள், கார்க்காரர் ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அளைந்தார்கள். போன பிறகு ரோட்டில் ஈரம்கூட இல்லை, ஒரே ஒரு கெண்டைமீன் துடித்துக்கொண்டு கிடந்தது. போலீஸ்காரர் அதைத் தொப்பியில் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் குளத்தில் விட்டுவிட்டு வந்து, தொப்பியை உதறிப் போட்டுக்கொண்டு, போங்க போங்க என்று லாரிகளை விரட்டினார்.

அதுவரைக்கும் வாத்துக்காரர்கள் என்றால் நாற்றம் பிடித்தவர்கள் என்று ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினவர்கள், இப்போது ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் கல்யாணம், மணப்பெண் தாமரைக் குளத்தில் முழுகினால் நல்லது, வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஒரு ஊரில் நூற்றுநாற்பது பேர் ஜமுக்காளம், போர்வை, தலையணை உறை என்று வருஷத்து அழுக்கையெல்லாம் கொண்டுவந்து ஒரே நாளில் துவைத்தார்கள். இன்னொரு ஊரில் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து, குளம் என்றால் என்ன என்று பாடம் நடத்தினார். பாதிப் பாடத்தில் குளம் எழுந்து ஒரு பர்லாங்கு போய்விட்டது. பிள்ளைகளும் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போய்விட்டன. கிராம அதிகாரி ஒருத்தர் நாடாவோடு வந்து மூன்று பக்கம் அளந்தார், நாலாவது பக்கம் அளப்பதற்குள் முதல் பக்கம் அடுத்த கிராமத்து எல்லைக்குள் நுழைந்துவிட்டது, நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு அவரும் குளித்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் போனதும் யாருக்கும் இது அதிசயமாகவே இல்லை. குளம் வந்துடுச்சா, எந்தப் பக்கம் படுத்திருக்குது என்று, காய்கறி வண்டியைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்கள்.

பூங்காவனத்துக்கு மட்டும் அது பழகவே இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் முட்டையைப் பொறுக்கி அட்டையில் அடுக்கிவிட்டு, எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பாள். இருக்கும். அவள் காலடிக்கு ஒரு சின்ன அலையை அனுப்பும். வாத்து தீனிக்காகப் பின்னால் வரும், நாய் சோற்றுக்காக வரும், புருஷன் தாலி கட்டினதற்காக வருகிறான், இது எதற்காக வருகிறது? தனக்கென்று ஒரு ஓட்டுவீடோ, ஒரு முருங்கைமரமோகூட இல்லாத தன் பின்னால், ஒரு ஊரின் குளமே ஊரை விட்டுவிட்டு வருகிறதே என்று நினைத்துக்கொள்வாள். கரையில் உட்கார்ந்து முட்டை உடைந்தது, புருஷன் முறைத்தது, பிறந்தவீட்டில் யார் யார் செத்தது என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். அதுவும் கேட்டுக்கொண்டிருக்கும், வாத்துகள் மாதிரிக் குறுக்கே பேசாது.

சித்திரை பிறந்தது. வெயில் தலையைப் பிளந்தது. ஒருநாள் மத்தியானம் அக்கரையில் நீந்துகிற நொண்டி வாத்தை அவள் இங்கிருந்தே அடையாளம் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ரெண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றாள். முன்னெல்லாம் அக்கரையில் வாத்து என்று தெரியும், நொண்டி என்று தெரியாது. இறங்கி நடந்து பார்த்தாள். இடுப்பளவு இருந்த இடம் முழங்காலளவு. மீனெல்லாம் நடுவில் வந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. குச்சி நட்டபடியே இருந்தது, மீன்கொத்தியைக் காணோம். உள்ளே தெரிந்த கோபுரத்துக்கு உச்சி இல்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பாதி இல்லை, படம் ஓரத்திலிருந்து சாயம் போய்க்கொண்டிருந்தது.

நடக்க நடக்கத் தேய்ந்துகொண்டிருந்தது குளம். தன் பள்ளத்தில் படுத்திருந்தால் அடியில் ஊற்று இருந்திருக்கும். இப்படி வரப்பிலும் கட்டாந்தரையிலும் அலைகிறதற்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்?

"மாமா, இது செத்துப்பூடும்" என்றாள்.

"மழ பெஞ்சா ரொம்பிக்கும்."

"மழைக்கு நாலு மாசம் கெடக்குது. கத்திரியே இன்னும் பொறக்கல. திருப்பிக் கொண்டாந்து உட்டுடலாம்."

துரைக்கண்ணு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பதறினான். தெற்கேதான் அறுப்பு, வடக்கே திரும்பினால் மேய்ந்து முடித்த வயல், வாத்து பட்டினி கிடக்கும், முட்டை நின்றுபோகும், கோணம்பாக்கத்தானோ வாத்தைப் பிடித்துவைத்துக்கொள்வேன் என்றிருக்கிறான், வாத்தும் போய் நாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று கேட்டான். அவன் கேட்டது எல்லாமே நியாயம். பூங்காவனம் குளத்தின் ஓரத்தில் போய் நின்றுகொண்டு, "நம்பி வந்துடுச்சி மாமா" என்று மட்டும் சொன்னாள், சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவன் கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தான், கொஞ்சநேரம் வாத்தைப் பார்த்தான், அப்புறம் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தான்.

திரும்பின நடைதான் கொடுமை. இந்தத் தடவை பூங்காவனம் வாத்தைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் குளத்தை ஒட்டி முன்னால் நடந்தாள், ஏனென்றால் குளத்துக்கு மூச்சு வாங்கியது, அடிக்கடி படுத்துக்கொண்டது. அப்போதெல்லாம் அவள் நின்று, வாத்தைக் கூப்பிடுகிற அதே குரலில், "பா... பா... பா..." என்று கூப்பிடுவாள். எழுந்துகொள்ளும். வழியில் ஒரு ஊரில் ஜேசிபி வைத்துப் பெரிய பள்ளம் வெட்டி, சுற்றி மாவிலை கட்டி, எங்களோடு இருந்துவிடு என்று கும்பிட்டு நின்றார்கள். குளம் பள்ளத்தின் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தது, அவர்களுக்கு மனசு நோகக் கூடாதென்று ரெண்டு தாமரையை அங்கே விட்டுவிட்டு, பூங்காவனத்தின் பின்னாலேயே வந்துவிட்டது. கோணம்பாக்கத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது அது ஒரு நெற்களத்தின் அளவுதான் இருந்தது.

கோணம்பாக்கத்தில் கம்பிவேலி இருந்தது, பூட்டு இருந்தது, பலகை இருந்தது. உள்ளே வெடித்துக் கிடந்தது பள்ளம். குளம் போன விஷயம் அவர்களுக்கு நாலாம் நாள்தான் தெரிந்திருக்கிறது, ஊர்க் கிணறுகளில் வாளி தரை தட்டினபோது. அப்புறமும் காலையில் சுற்றி நடக்கிறவர்கள் வெறும் பள்ளத்தைச் சுற்றி நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

தெய்வசிகாமணி முகத்தில் மூன்று வாரத்துத் தாடி. வாத்தைப் பிடிக்கிறேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. குளத்தைப் பார்த்ததும் அவருக்கு அரைஞாணில் இருந்த சாவியைக் கழற்றவே வரவில்லை, கயிற்றோடு இழுத்துப் பூட்டைத் திறந்தார். குளம் கேட்டுவரைக்கும் வந்து நின்றுகொண்டது. உள்ளே போகவில்லை. பூங்காவனம் வாத்துகளை உள்ளே ஓட்டினாள், பின்னாலேயே போய்ப் பள்ளத்தின் நடுவில் படுத்தது. ஊரே கைதட்டியது. வாத்துகளை வெளியே ஓட்டினாள், எழுந்து பின்னாலேயே வந்துவிட்டது. மூன்று தடவை இப்படி நடந்தது. மூன்றாம் தடவை எழுந்திருக்கிறபோது அதற்குத் தள்ளாடியது, ஒரு ஓரம் கரையிலேயே தங்கி மண்ணோடு போய்விட்டது, அங்கே கிடந்த மீனைப் பெண்கள் புடவைத் தலைப்பில் அள்ளி உள்ளே போட்டார்கள்.

"வாத்த இங்கயே உட்டுட்டுப் போயிடும்மா" என்றார் தெய்வசிகாமணி. கெஞ்சுகிற குரல். "நாங்க பாத்துக்கறோம்."

"வாத்து இங்க இருந்தா நாங்க எங்க இருக்கறது அய்யா?" என்றாள் பூங்காவனம். அப்புறம் அவளுக்கே கோபம் வந்துவிட்டது. "நாங்க இன்னா மந்திரமா போட்டோம்? ஒரு மத்தியானம் எறங்குனோம், மூஞ்சி கழுவுனோம், நல்லாருக்கறன்னு ஒரு வார்த்த சொன்னோம். அதுக்கே இம்மாந்தூரம் வந்துச்சி. ரெண்டு வருஷத்துல உங்க ஊருல எவராவது ஒரு கால நனச்சீங்களா?"

அழகாக வைத்துக்கொள்ளத்தான் பூட்டினோம் என்று ஒருத்தர் மெதுவாகச் சொன்னார், சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, அப்படியே பள்ளத்துக்குள் இறங்கி நடுவில் போய் உட்கார்ந்தார். குளத்தைத் திரும்பிப் பார்த்து, சின்ன வயசில் இதே இடத்தில் தலைகீழாகக் குதித்து மண்டை உடைந்ததையும், அம்மா அடிக்க வந்தபோது இதற்குள்ளேயே சாயங்காலம்வரை ஒளிந்துகொண்டதையும், சத்தமாக, ஊருக்கே கேட்கச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்தது. அப்போது குளம் கேட்டைத் தாண்டியது. வாத்துகள் எல்லாம் வெளியே வயலில் நிற்க, அது மட்டும் தனியாக, மெதுவாக, அவர் காலைத் தொட்டு, மடியில் ஏறி, இடுப்புவரை வந்தது.

அப்புறம் என்ன, ஊரே விழுந்தது. கிழவர்கள் கோவணத்தோடு, பெண்கள் கட்டின புடவையோடு, அய்யர் பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டு, எருமைகள் யாரும் ஓட்டாமலே. நாலு பேர் கம்பிவேலியைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒருத்தி அங்கேயே துணி துவைக்க ஆரம்பித்துவிட்டாள். இத்தனை பேர் மிதித்தால் சேறாகும் என்றுதானே நினைப்போம்? அடியில் எங்கோ அடைத்துக்கொண்டிருந்த ஊற்று அத்தனை காலும் மிதித்ததில் திறந்துகொண்டு, தண்ணீர் அவர்கள் கழுத்துக்கு ஏறியது. பூங்காவனம் கரையில் நின்று பார்த்தாள். வேப்பமரம் கரையிலும் நின்றது, தண்ணீரிலும் நின்றது, ரெண்டும் ஒரே காற்றுக்கு அசைந்தன.

ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று தெய்வசிகாமணி ஈரத்தோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வாத்து பசியாயிருக்குது அய்யா என்று சொல்லிவிட்டாள். வெயில் தாழ்ந்ததும் தெற்கே பார்த்துக் கிளம்பினார்கள். பழையபடி துரைக்கண்ணு முன்னால், பூங்காவனம் பின்னால். அவர்கள் நகர்ந்தபோது குளத்தின் தெற்கு ஓரம் ஒரு முழம் எழுந்தது, பார்த்தாள். ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே அந்த ஓரத்தில் தொப்பென்று குதித்தாள். ஓரம் படுத்துக்கொண்டது.

மல்லாட்டைக் கொல்லையில் திரும்பிப் பார்த்தாள், இல்லை. ஒற்றைப் பனையிடம் திரும்பிப் பார்த்தாள், இல்லை. வரக் கூடாதென்றுதானே இத்தனை பாடும் பட்டாள்.

வாத்துகள் வழியை விட்டு ஒரு கரும்புக் கொல்லைக்குள் நுழைந்தன. "கூப்புடேன் பூங்கா" என்று முன்னாலிருந்து துரைக்கண்ணு கத்தினான். "பா... பா..." என்று அவள் கூப்பிடவில்லை. கழியை வீசிக்கொண்டு ஓடி ஓடி ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "வாயில இன்னா வெச்சிகினு இருக்கற? ஒரு கொரல் குடுத்தா வந்துடப்போவுது." அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். அடுத்த ஊர் வந்து, அதற்கடுத்த ஊரும் தாண்டுகிறவரைக்கும் அவள் வாயைத் திறக்கவே இல்லை.